என்ன மாசம், என்ன வாசம்

ஓர் ஊரில் ஒரு ஸ்கேன் எந்திரம் இருந்தது. வயதானவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பிடித்து, மனிதர்களையே கரைத்துக் குடித்துவிட்டதாக அதற்கு நினைப்பு.

ஒருநாள் சூசைமாணிக்கம் என்ற பெரியவரை அவர் மகன் ரெக்ஸ்லின் அங்கே அழைத்து வந்தான். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடினாராம். மறதி நோய்தான் என்று மகனுக்குச் சந்தேகம். நோய் உறுதியானால் முதியோர் இல்லம், இல்லையென்றால் சொந்த வீடு. பெரியவருக்கும் இது தெரியும். பயந்துபோய்த்தான் வந்திருந்தார்.

எந்திரத்துக்குள் உலோகம் ஆகாது என்று அவருடைய காது மெஷினைக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். எந்திரம் டமடமவென்று அடித்து ஓய்ந்தது.

"பார்த்துட்டேன். மூளை சுருங்கியிருக்கு. ஆள் அவ்வளவுதான்" என்றது.

"இந்த வயசுல முகமே சுருங்கிப்போச்சு. மூளை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்குமா அண்ணே?" என்றது காது மெஷின்.

"சுண்டைக்காய் அளவு இருந்துக்கிட்டு என்கிட்டயே பேசுறியா? நான் மூளையையே பார்க்கிறவன்!"

"பாத்தீங்க, சரி. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

அதற்குள் டாக்டர் படத்தோடு வந்தார். "ஐயா, இது என்ன மாசம்?"

பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "டெட்டால் வாசம்."

ரெக்ஸ்லின் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"என் நிலைமையா? அதை நீங்கதான சொல்லணும்!"

காதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிற கெட்டிக்காரர்கள்!

"ஐயோ, என்னை எடுத்து மாட்டுங்கய்யா!" என்று காது மெஷின் அலறியது. மனிதர்களுக்கு அது 'கீ' என்றுதான் கேட்டது. நர்ஸ் வந்து அதன் மேல் ஒரு மூடியைப் போட்டார்.

"படமும் இதையேதான் சொல்லுது. இல்லத்துல சேத்துருங்க தம்பி" என்றார் டாக்டர்.

லிஃப்ட் வாசலில் பெரியவர் காதைத் தடவிப் பார்த்தார். மகனின் கையை உதறிவிட்டுத் திரும்பி வந்து, மூடியைத் திறந்து, காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். மகனும் பின்னாலேயே ஓடிவந்தான்.

"கழட்டி வாங்கினீங்களே டாக்டர், திருப்பித் தர ஞாபகம் வரலையா? ஏலே, நீயுமா மறந்துட்ட? இப்பக் கேளுங்க."

டாக்டர் மெல்லக் கேட்டார். "என்ன மாசம், என்ன கிழமை?"

"ஐப்பசி. செவ்வாய்க்கிழமை. வெளிய அடைமழை. நான் என் வீட்டுக்குப் போறேன்."

டாக்டரையும் மகனையும் அங்கேயே விட்டுவிட்டு அவர் நடந்தார். பெரியவர் காதில் உட்கார்ந்தபடி போகிற போக்கில் காது மெஷின் சொன்னது:

"அண்ணே, மறந்தவங்க ரெண்டு பேரும் அங்கதான் நிக்கிறாங்க. படுக்கவச்சு ஒரு படம் எடுங்களேன்."