பூவரசு வளர்ந்த மூலை

ஏரிக்கரையில் ஒரு குறுங்காடு இருந்தது. மூன்று வருடத்துக் காடு. அரை ஏக்கர்கூட இல்லை. பக்கத்து நகர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து நட்டது.

அவர்களில் மூத்தவர் தணிகாசலம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கன்று நடக் கற்றுக்கொடுத்தவள் வேம்புலி. நாற்றங்காலில் கூலிக்கு இருப்பவள். அவர் மகள் வயதுதான் இருக்கும். முதலில் கிண்டலாகத்தான் ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட்டார். போகப் போகக் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

முதல் நாள் அவள் சொன்னது ஒன்றுதான்.

“குழி எடுக்கறதுக்கு முன்னாடி, அந்த எடத்துல முன்ன இன்னா இருந்துச்சுன்னு கேட்டுக்கோங்க சார்.”

தணிகாசலம் அப்படியே செய்தார். பழைய வரைபடங்களைத் தேடிப் பிடித்தார். நூறு வருடத்துக்கு முன்னால் கரையில் நின்ற மரங்களை ஒரு தாளில் எழுதிவந்து படித்துக் காட்டினார். பூவரசு, நீர்மருது, நாவல், புங்கன். வேம்புலி கேட்டுக்கொண்டே கன்றுகளை எடுத்து வைத்தாள்.

வண்டியில் கன்றுகளைக் கொண்டுவந்து வேலியோரம் இறக்குவாள். அங்கே நின்றபடியே வேலை சொல்லுவாள். உள்ளே கூப்பிட்டால், “நாத்தங்கால்ல ஆள் இல்ல சார்” என்று கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிறு, தணிகாசலம் அதிகாரிகளுக்கு எழுதிய ஒரு மனுவோடு வந்தார்.

“அடுத்த காடு கால்வாய்க்கரையில, வாத்தியாரம்மா. அங்கே பதினாலு குடிசை இருக்கு. இங்கே காலி பண்ணிக் கொடுத்த மாதிரி அதையும் பண்ணிக் கொடுத்தா, மழைக்கு முன்னாடி நட்டுடலாம். கையெழுத்து போடுங்க.”

“என் கையெழுத்துக்கு இன்னா சார் மதிப்பு?”

“குரு கையெழுத்து இல்லாமலா? உங்களுதுதான் முதல்ல.”

அவள் தாளை வாங்கவில்லை.

“அப்புறம் ஒரு சந்தேகம்” என்றார் தணிகாசலம். “எல்லாக் குழிக்கும் ஒரே எரு, ஒரே தண்ணி. வடமூலையில மட்டும் பூவரசு ஓராள் உயரம் கூடுதலா நிக்குது. அங்கே என்ன போட்டிருக்கு? கால்வாய்க்கரையிலும் அதையே போட்டுடலாம்.”

வேம்புலி கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தாள்.

“வாங்க, காட்டறேன்.”

முதல் தடவையாக வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவர்கள் போட்டு வைத்திருந்த பாதையில் அவள் போகவில்லை. மரங்களுக்கு நடுவே பத்தடி நடந்து இடது பக்கம் திரும்பினாள். நாலடி போய் வலது பக்கம். இரண்டு பக்கமும் சுவர் இருப்பதுபோல உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடந்தாள். ஓரிடத்தில் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் தாண்டினாள்.

“என்னம்மா இது? இங்கே தண்ணியே இல்லையே” என்று சிரித்தார் தணிகாசலம்.

அவள் திரும்பவில்லை. வடமூலைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினாள். தலைக்கு மேலே ஒரு கிளைகூட இல்லை. ஆனாலும் நன்றாகக் குனிந்து, இரண்டடி வைத்து, நிமிர்ந்தாள்.

“இங்கதான் அடுப்பு. பதினோரு வருசச் சாம்பல பின்னாலதான் கொட்டுனோம். அரிசி கழுவுன தண்ணி, புள்ளைங்க குளிச்ச தண்ணி, எல்லாம் அந்தப் பக்கமாத்தான் போவும். வேற எதுவும் போடல சார்.”

தணிகாசலம் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். ‘குப்பையும் குடிசையுமாகக் கிடக்கும் ஏரிக்கரையை’ என்று நான்கு வருடத்துக்கு முன்னால், இந்த இடத்துக்கான மனுவில், அவர்தான் எழுதியிருந்தார். அதே வரிதான் இதிலும் இருந்தது. ‘ஏரிக்கரை’யை மட்டும் ‘கால்வாய்க்கரை’ ஆக்கியிருந்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“கேக்கத்தான சார் சொன்னேன். நீங்க நேரா நூறு வருசம் பின்னால போயிட்டீங்க. நாங்க அதுக்கு இப்பால இருந்தோம்.”

தணிகாசலம் அவள் நின்ற இடத்தை நோக்கி ஓரடி வைத்தார். வேம்புலி சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

“குனிஞ்சு வாங்க சார். வாசல் நிலை தாழ்வு. இடிச்சுக்குவீங்க.”