மூக்குநுனி மச்சம்

முன்னொரு காலத்தில், மழை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு நாட்டை மகுடசேனர் என்ற ராஜா ஆண்டுவந்தார். பஞ்சம் வந்ததும் களஞ்சியத்தைத் திறந்து வீட்டுக்கு வீடு அரிசி கொடுக்கச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் எவனோ ஒருவன் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் வாங்கிப் போய்விட்டான் என்று தெரிந்ததும் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“மீசையை மாற்றலாம் அரசே, மச்சத்தை மாற்ற முடியாது” என்றார் மந்திரி அங்கநாதர். மறுநாளே பறையடித்தார்கள். நாட்டில் உள்ள அத்தனை பேரும் தங்கள் உடம்பில் எங்கே மச்சம் என்று அரண்மனை ஏட்டில் எழுதிவைக்க வேண்டுமாம். மச்சம் ஒத்துப்போனால்தான் அரிசி. முகம் பார்த்து அளக்கிற கணக்கனுக்கு வேலை போய்விடும்.

நெல் குத்திப் பிழைக்கும் மாரக்காளின் மச்சம் நாலு பேருக்குச் சொல்கிற இடத்தில் இல்லை. “கட்டுன புருசங்கிட்டயே நான் சொன்னதில்ல, ஒங்கிட்ட எதுக்குய்யா சொல்லணும்?” என்று கணக்கனிடம் கேட்டுவிட்டாள். அரிசி கிடைக்கவில்லை. மூன்று நாளாக அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வறுத்த புளியங்கொட்டையைத் தின்றன. அரண்மனைப் பாவிகள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விகடகவி கொழுந்தப்பன் இதைச் சபையில் சொன்னான். மச்சத்தை நம்பினால் பசித்தவள் வெளியே நிற்பாள், கள்ளன் உள்ளே போவான் என்றான். அவன்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. “அப்படியானால் நாளைப் பொழுது சாய்வதற்குள் இவரே ஒரு படி அரிசியை ஏமாற்றி வாங்கிக் காட்டட்டும். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்” என்றார். ராஜாவும் தலையசைத்தார்.

“முகத்தைப் பார்க்கக் கூடாது, மச்சத்தை மட்டுமே பார்க்க வேண்டும். அதுதானே ஆணை?” என்று கேட்டான் கொழுந்தப்பன். அதேதான் என்றார் மந்திரி, பெருமையாக.

மறுநாள் கொழுந்தப்பன் கண்மையைத் தொட்டு மூக்குநுனியில் மிளகளவு வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். கணக்கனுக்கு அவனை நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஏட்டைப் புரட்டினான். ‘மூக்குநுனி, மிளகளவு: மந்திரி அங்கநாதர்’ என்றிருந்தது. எழுந்து கும்பிட்டு, மந்திரி வீட்டுப் பங்கை அளந்து கொடுத்தான். அது கொஞ்சம் பெரிய பங்கு.

சற்று நேரத்தில் மந்திரியே மேற்பார்வைக்கு வந்தார். மந்திரிதான் வந்துபோய்விட்டாரே, இவன் ஒட்டுமச்சக்காரன் என்று கணக்கன் காவலரைக் கூப்பிட்டான். அவர்கள் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டுவந்து மூக்கைத் தேய்த்தார்கள். மச்சம் போகவில்லை, தோல்தான் போயிற்று. என் முகத்தைப் பாரடா என்று மந்திரி கத்தினார். அதற்கு உத்தரவு இல்லை என்றான் கணக்கன்.

கோவைப்பழ மூக்கோடு மந்திரி சபைக்கு வந்ததும் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, கள்ளனை எப்படித்தான் பிடிப்பது என்று கேட்டார்.

“அந்தந்தத் தெருவில் வைத்தே அரிசியை அளக்கச் சொல்லுங்கள் அரசே. ஒருத்தி இரண்டு தரம் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா விடமாட்டாள்” என்றான் கொழுந்தப்பன்.

ராஜா மகிழ்ந்து, என்ன பரிசு வேண்டும் என்றார். அவன் மச்ச ஏடுகளைக் கேட்டான். அது ராஜ்ய ரகசியம் என்று மந்திரி மூக்கால் தடுத்தார்.

“மகாராணியாரின் மச்சமும் அதில்தான் இருக்கிறது அரசே. பன்னிரண்டு கணக்கர்கள் வாசித்துச் சரிபார்த்திருக்கிறார்கள்” என்றான் கொழுந்தப்பன்.

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஓர் ஓலை மிச்சமில்லாமல் எடுத்துப் போகச் சொன்னார், கூடவே ஒரு வண்டி நெல்லும் கொடுத்தார். அப்புறம் மந்திரியின் மூக்கு கண்ணில் பட்டது. மறுபடி சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று மத்தியானமே மாரக்காள் தெருவில் அரிசி அளந்தார்கள். அவள் உலை வைத்தாள். கொழுந்தப்பன் ஓலைக்கட்டை அடுப்பருகே இறக்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னான்.

“மகாராணி ஓலை எதுங்கய்யா? அத மொதல்ல போடுங்க. அவுங்களும் பொம்பளதான?” என்றாள் மாரக்காள்.

அவன் பேரை மட்டும் பார்த்துத் தேடியெடுத்து, மச்சத்தைப் படிக்காமல் அடுப்பில் வைத்தான்.