செவலைக் கோழியின் சப்பை மூக்குக் குஞ்சுகள்

ஊசிப்பட்டிக்கு மேற்கே பனங்காட்டைத் தாண்டினால் ஒரு தோட்ட வீடு. அதில் சோணமுத்து, ஆண்டிச்சாமி, வீரணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் குடியிருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூவருக்கும் கொஞ்சம் அறிவு உண்டு. மூவரும் கூடிப் பேசினால் அந்தக் கொஞ்சமும் காணாமல் போய்விடும்.

வீடு பள்ளத்தில் இருந்தது. பின்னால் மேட்டில் கரையெடுத்த ஒரு குட்டை. உலகத்தில் எல்லோரும் மேட்டில் வீடு கட்டிப் பள்ளத்தில் குட்டை வெட்டுவார்கள். இவர்களுடைய அப்பாவோ, பள்ளத்தில் கட்டினால் அஸ்திவாரம் தோண்டுகிற வேலை பாதி மிச்சம் என்று யோசித்தவர். பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போன சொத்தில் அந்த யோசனையும் சேர்த்தி.

அந்த வீட்டில் விவரமான ஆள் என்று சொன்னால் சோணமுத்துவின் மனைவி இருளாயிதான். ஒரு எருமை, நாலு ஆடு, பத்துப் பன்னிரண்டு கோழி எல்லாவற்றையும் அவள்தான் கட்டி மேய்த்தாள். அண்ணன் தம்பிகளையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே மேய்த்தாள்.

ஆனால் இவர்களிடம் ஒரு வேலை சொல்ல அவளுக்குப் பயம். சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். ஒருமுறை, "ஆட்டை நிழல்ல கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பால்வண்டி வந்து நின்றது. அதைவிடக் கிட்டத்தில் வேறு நிழல் இல்லை. ஆட்டை வண்டியில் கட்டினார்கள். ஆடு மறுநாள்தான் பக்கத்து ஊரிலிருந்து திரும்பி வந்தது.

ஆகவே, அறுவடை வயலில் வாத்து மேய்க்க வந்தவனிடம் ஒன்பது வாத்து முட்டை வாங்கிச் செவலைக் கோழிக்கு அடை வைத்ததை இருளாயி யாரிடமும் சொல்லவில்லை. இடி விழுந்து முட்டை கெடாமல் இருக்கக் கூடையில் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டு வைத்தாள். இருபத்தெட்டாம் நாள் ஒன்பதும் பொரிந்தன. அதற்கு மூன்றாம் நாள், அக்காள் மகளுக்குக் காதுகுத்து என்று கீழக்கோட்டையிலிருந்து ஆள் வந்தது.

புறப்படும்போது மூவரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"மூணே மூணு விசயம். குஞ்சுகளை ஒரு வாரத்துக்குத் தண்ணிப் பக்கம் விடாதீங்க. தாயைவிட்டுப் பிரிக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குள்ள கொண்டாந்து அடைச்சிருங்க. நாளை மறுநாள் காலையில வருவேன். ஒம்போதுல ஒண்ணு குறைஞ்சாலும் அப்படியே திரும்பி எங்கக்கா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் பஞ்சாயத்துக் கூட்டினாலும் வரமாட்டேன்."

இருளாயி ஒரு நாள் இல்லாவிட்டாலும் சோணமுத்துவுக்குச் சோறு இறங்காது, வீடே பிடிக்காது. பதினோரு வருஷமாக அவள் திட்டுகிற சத்தத்தில்தான் அவனுக்குப் பொழுது விடிந்துகொண்டிருந்தது. உயிரைக் கொடுத்தாவது ஒன்பதையும் காப்பாற்றுவது என்று முடிவு செய்தான்.

முதல் நாள் குஞ்சுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஆண்டிச்சாமி அதைக் கவனித்தான்.

"அண்ணே, மூக்கு ஏன் இப்படிச் சப்பையா இருக்கு?"

வீரணன் யோசித்துச் சொன்னான். "செவலை இருபத்தெட்டு நாள் மேல உக்காந்திருக்குல்ல. உம்மேல உக்காந்திருந்தா ஒனக்கும் சப்பையாத்தான் போயிருக்கும்."

"சரி, கால்விரலுக்கு நடுவுல தோல் இருக்கே?"

"முட்டைக்குள்ள எடம் பத்தாது. நெருக்கத்துல விரல் ஒட்டிக்கிருச்சு."

சோணமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "இதுகளுக்கு முன்னால இதைப் பேசாதீங்கடா. பச்சைப் பிள்ளைக, வருத்தப்படும்" என்றான். அன்று முழுக்க யாரும் மூக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் கூடையைத் திறந்ததும் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடேறிப் போய்க் குட்டையில் இறங்கிவிட்டன. செவலை கரையில் நின்று கத்தோ கத்தென்று கத்தியது. சோணமுத்து வேட்டியோடு குதித்தான். மார்பளவுத் தண்ணீரில் துழாவி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தான். ஆண்டிச்சாமி துண்டால் துடைத்தான். வீரணன் சுளகில் வைத்து வெயில் காட்டினான். ஒன்பதாவது குஞ்சைத் துடைத்து முடிப்பதற்குள் முதல் குஞ்சு மறுபடியும் நடுக்குட்டையில் இருந்தது. உச்சிப்பொழுது வரை இதே வேலையாகப் போயிற்று.

"அண்ணே, இதுகளுக்கு உசுரு மேல ஆசை இல்லை" என்றான் வீரணன்.

"ஏன்டா அப்படிச் சொல்ற?"

"தண்ணிக்குள்ள மூஞ்சி தெரியுதுல்ல. மூக்கைப் பாத்திருக்கும். இந்த மூக்கோட எதுக்கு வாழணும்னு விழுந்து விழுந்து பாக்குதுக."

சோணமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "நல்ல மூக்குத்தான்யா. யார் என்ன சொன்னாலும் நல்ல மூக்குத்தான்" என்று குட்டையைப் பார்த்துச் சொன்னான். குஞ்சுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்குள் ஆண்டிச்சாமிக்கு இரண்டாவது விஷயம் ஞாபகம் வந்தது. குஞ்சு தண்ணீரில், தாய் கரையில். மதினி சொன்னதற்கு இது நேர் விரோதம். உடனே வீட்டிலிருந்து நெல் அவிக்கிற அண்டாவைத் தூக்கி வந்து, செவலையை உள்ளே உட்கார வைத்து, குட்டையில் மிதக்க விட்டார்கள். சோணமுத்து மார்பளவுத் தண்ணீரில் நடந்தபடி அண்டாவைக் குஞ்சுகளுக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனான். செவலை தன் பரம்பரையில் எந்தக் கோழியும் பார்க்காததையெல்லாம் அன்று பார்த்தது.

வெயில் இறங்கத் தொடங்கியது. வீட்டுக்குள் அடைக்க வேண்டுமே என்ற கவலை சோணமுத்துவைப் பிடித்துக்கொண்டது. அண்டாவைப் பிடித்தபடியே பேசினான்.

"குஞ்சைத் தண்ணியிலருந்து எடுக்க முடியலை. தண்ணியைக் குஞ்சுககிட்டருந்து எடுத்துட்டா என்ன?"

அப்பாவுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் இவ்வளவு பெரிய யோசனை யாருக்கும் வந்ததில்லை.

"கரையை எந்தப் பக்கம் வெட்டலாம்?" என்று கேட்டான் வீரணன்.

"மம்பட்டி எந்தப் பக்கம் கெடக்கு?"

"வீட்டுப் பக்கம்."

"அப்ப அங்கதான். அதை எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையணும்?"

தம்பிகள் இருவரும் வெட்டினார்கள். நாலாவது வெட்டில் கரை தானாகவே பிளந்து வழிவிட்டது. தண்ணீர் சரிவில் இறங்கி, கோழிக்கூட்டைச் சுற்றி, திறந்திருந்த பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. அதன்மேல் ஒன்பது குஞ்சுகளும் வரிசை குலையாமல் போயின. அவற்றின் பின்னால் செவலை ஏறிய அண்டா. அதைப் பிடித்த கையை விடாமல் சோணமுத்து.

அண்டா அடுப்படியில் போய் முட்டி நின்றது. குஞ்சுகள் அம்மிக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உலைப்பானையோடு சேர்ந்து மிதந்தன. முழங்கால் ஆழத்தில் எழுந்து நின்ற சோணமுத்து எண்ணிப் பார்த்தான். ஒன்பதும் இருந்தன. தாயும் கூடவே இருந்தாள். வெளியே எட்டிப் பார்த்தான். பொழுது சாய இன்னும் அரை மணி இருந்தது. முன்கதவு பின்கதவு இரண்டையும் தண்ணீர் கசியாமல் களிமண்ணால் அப்பி அடைத்துவிட்டு, கூரை வழியாக ஏறி வெளியே வந்தான். இத்தனை நிம்மதி அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மறுநாள் காலை இருளாயி வந்தாள். வாசலில் ஈரத்தைப் பார்த்தாள். களிமண் அப்பிய கதவைப் பார்த்தாள். மேட்டில், வற்றிப்போன குட்டைக்குள்ளே பாய் விரித்துப் படுத்திருந்த மூவரையும் பார்த்தாள். ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒம்போதும் இருக்கு" என்றான் சோணமுத்து, ஓடி வந்து. "எண்ணிப் பாரு. நீ சொன்னபடி வீட்டுக்குள்ள அடைச்சாச்சு."

"அது வாத்துய்யா" என்றாள் இருளாயி மெதுவாக. "வாத்து முட்டையத்தான் கோழிக்கு அடை வச்சேன்."

ஆண்டிச்சாமி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். "நல்ல வேளை. வாத்துன்னா தண்ணி வேணுமே. வீடு பூராத் தண்ணி இருக்கறதால பொழைச்சுதுக."

"அப்ப நாம எங்கய்யா இருக்கறது?" என்று கேட்டாள் இருளாயி.

"குட்டை காஞ்சுதான கெடக்கு" என்றான் சோணமுத்து. "நம்ம வீட்டைவிட விசாலம். மேடு வேற. காத்து நல்லா வருது."

"மழை பேஞ்சா குட்டை ரொம்பிருமே."

"ரொம்பினா வாத்து இங்க வந்துரும். நாம வீட்டுக்குப் போயிரலாம்."

இருளாயி மூட்டையைக் கீழே வைக்காமல் யோசித்தாள். அவள் கீழக்கோட்டைப் பாதையைப் பார்த்தாள், குட்டையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதில் ஒன்று குறைந்தால்தான் போவேன் என்று சொல்லியிருந்தாள். ஒன்றும் குறையவில்லை. அவன் சொன்னதிலும் எங்கே தப்பு என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு அவளுக்குத்தான் பதினோரு வருஷம் ஆகிவிட்டதே.

"புதுக் குடித்தனம்னா முதல்ல பால் காய்ச்சணும்" என்று சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து வைத்துக் குட்டைக்குள் இறங்கினாள். "போய் எருமைய ஓட்டிட்டு வாங்க."

எருமையை அவிழ்த்துவிட்டார்கள். தினமும் குளிக்கிற குட்டையை அது வந்து எட்டிப் பார்த்தது. உள்ளே இருளாயி கல் கூட்டி வைத்த அடுப்பும் பாயும் இருந்தன. திரும்பி நேரே வீட்டுக்கு இறங்கிப் போய், முன்கதவைக் கொம்பால் ஒரு தள்ளுத் தள்ளி, அடுப்படிவரை நடந்து, மிச்சமிருந்த தண்ணீரில் வாத்துகளுக்கு நடுவே சொகுசாகப் படுத்துவிட்டது.

அது குளித்து முடித்து வீட்டைவிட்டு வெளியே வரட்டும் என்று, அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு நால்வரும் குட்டைக்குள் காத்திருந்தார்கள்.