இரண்டு தலைவர்கள், ஒரு நாற்காலி

இந்தக் கதையில் ஒரு தேதி வருகிறது. அதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன விபரீதம் ஆகுமோ என்று செங்கமலத்துக்கு இப்போதும் பயம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதனால் மறக்காமலிருக்க முந்தானையில் நாலு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். ஜூலை நாலு.

கோரைப்பட்டியில் ஊருக்குப் பொதுவாக ஒரு தேக்கு நாற்காலி உண்டு. அதில் உட்கார்கிறவர்தான் தலைவர். செங்கமலத்தின் புருஷன் சடையப்பன் பத்து வருஷம் உட்கார்ந்தார். போன தேர்தலில் மருதைவீரன் ஜெயித்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை மூணாம் தேதி காலையில் துரைக்கண்ணு வாத்தியார் டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்தார். அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்தது ஒரு ஜூலை நாலில். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, அதே தேதியில், அந்த நாட்டின் முன்னாள் தலைவர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். இன்னும் அஞ்சு வருஷம் போனதும் மூன்றாவதாக ஒரு முன்னாள் தலைவர், அதுவும் ஜூலை நாலில்.

செங்கமலத்தின் தம்பி பொன்னரங்கன் கடித்த வடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, நாளைக்கு முன்னாள் தலைவருங்க சாகிற நாளாம். நம்ம ஊருக்கு இருக்கிறதே மச்சான் ஒருத்தர்தான்."

ஊர் கூடியது. அந்தத் தேதியே வராமல் செய்துவிடலாம் என்று வீடு வீடாகக் காலண்டரில் நாலாம் தேதித் தாளைக் கிழித்தார்கள். கிழித்த தேதி காற்றில் பறந்து எந்த ஊர் முன்னாள் தலைவர் மேல் விழுமோ என்று ஒருவர் கேட்டார். பாவம் நமக்கு எதற்கு என்று மைதா காய்ச்சி எல்லாத் தாளையும் திருப்பி அழுத்தி ஒட்டினார்கள்.

மறுநாள் விடிந்ததும் செங்கமலம் மருதைவீரன் வீட்டு வாசலில் நின்றாள். "இன்னிக்கு ஒருநாள் அவரை அந்த நாற்காலியில உட்கார விடுங்கண்ணே. உட்கார்ந்துட்டா முன்னாள் இல்லேன்னு ஆயிரும்."

மருதைவீரன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அவர் உட்கார்ந்தா நான் முன்னாள் ஆயிருவேனேம்மா. என் பொஞ்சாதி யார்கிட்ட போய்க் கேப்பா?"

நியாயம்தான் என்று ஊரே தலையாட்டியது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாகி, இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பத்தாவது நிமிஷம் நாற்காலிக்கு ஒரு கால் முறிந்தது. அந்த நொடியில் கோரைப்பட்டிக்குத் தலைவரே இல்லை. இரண்டு முன்னாள் தலைவர்கள் மட்டும் தரையில் கிடந்தார்கள்.

அலறியடித்துக்கொண்டு அவர்களைத் தூக்கி வைத்து, முறிந்த காலுக்கு உரலை முட்டுக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்தபோது இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

மறுநாள் காலை செங்கமலம் நிம்மதியாகக் காலண்டரில் கை வைத்தாள். நாலாம் தேதித் தாள் வரவில்லை. மைதா இறுகிப் பிடித்திருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் பார்த்தாள். அங்கேயும் நாலு. ஊர் முழுக்க நாலு.

"மறுபடியும் அதே நாள் வந்திருக்கு," என்றான் பொன்னரங்கன்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று செங்கமலம் தன் கூறைப்புடவையை எடுத்து வந்து, புருஷனையும் மருதைவீரனையும் நாற்காலியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். நாலு வருஷமாகிறது. போன வாரம் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூட அப்படியேதான் வந்தார்கள். பின்னாலேயே பொன்னரங்கன் உரலைச் சுமந்துகொண்டு வந்தான். பந்தியில் ஒரே நாற்காலிக்கு இரண்டு இலை போட்டார்கள். நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். கை கழுவ எந்தப் பக்கம் போவது என்றுதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.