பையில் இரண்டு ஃபியூஸ் கட்டை

கோவில்பட்டியில் வயரிங் வேலை பார்க்கும் செண்பகவல்லிக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது முடிந்து எட்டு மாதம். பெயர் கோமதிநாயகம். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் எமகாதகர். தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்பி டிக்கெட் கேட்பார். டிக்கெட்டைக் காட்டியவனிடம் எந்த ஸ்டாப்பில் ஏறினாய் என்று கேட்பார். அதைச் சொன்னவனையும் இறங்கும்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவார். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்குப் பஸ் இல்லையா, வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். பால்காரரின் படியை உற்றுப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவி, "எங்கயாச்சும் போய் ஒரு வேலையைக் கத்துக்கிடுங்க, புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மறுநாள் காலை அவர் செண்பகவல்லியின் கடை வாசலில் வந்து நின்றார்.

குருவைச் சீடர் 'தாயி' என்பார். சீடரைக் குரு 'அண்ணாச்சி' என்பாள். ஒரு விஷயத்தைத் தவிர இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

கேள்வி கேட்பதில் கோமதிநாயகத்துக்கு அலுப்பே கிடையாது.

"கரண்டு கம்பியில உக்காருற காக்காய்க்கு ஏன் தாயி ஷாக் அடிக்கல?"

"அது அந்த ஒரு கம்பியை மட்டும்தான தொடுது அண்ணாச்சி. வேற எதையும் தொடலையே."

"மூணு முள்ளு பிளக்குல மேல் முள்ளு மட்டும் ஏன் நீளமா இருக்கு?"

"அதுதான் எர்த். முதல்ல உள்ள போகணும், கடைசியா வெளிய வரணும். எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா மண்ணுக்குள்ள கொண்டுபோய் விட்டுரும்."

"டெஸ்டர் தலையில விரலை வச்சாத்தான் எரியுது. ஏன்?"

"உங்க உடம்பு வழியாத்தான் கரண்டு தரைக்குப் போகுது. அதான் எரியுது."

"அய்யய்யோ!" என்று அவர் டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டார்.

அவள் எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள். "பயப்படாதீக. உள்ள ஒரு தடுப்பு இருக்கு. உங்களுக்குத் தெரியாத அளவுதான் போகும்."

ஒத்துப்போகாத அந்த ஒரு விஷயம் என்னவென்றால், கரண்டை அணைப்பது.

எந்த வீட்டுக்குப் போனாலும் மெயினை அணைத்து, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவது சீடர் வேலை. அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள் கரண்டு வராது. பிடுங்கிய கட்டையை உடனே அவரிடமிருந்து வாங்கிக் குரு தன் தோள்பையில் போட்டுக்கொள்வாள். அதோடு விட்டாளா? கட்டை இருந்த இடத்தில், தெருக்கரண்டு வந்து நிற்கும் மேல்முனையில் டெஸ்டரை வைப்பாள். எரியும். அப்புறம் வேலை செய்யப் போகும் கம்பியில் வைப்பாள். எரியாது. திரும்பவும் நடந்துபோய் மேல்முனையில் வைப்பாள். எரியும். அதற்குப் பிறகுதான் கம்பியில் கை வைப்பாள்.

"நான்தான் அணைச்சிட்டேன்னு சொல்றேனே தாயி."

"சொன்னீக அண்ணாச்சி."

"எதுக்கு மூணு தடவை?"

"டெஸ்டர் செத்துப்போயிருந்தாலும் எரியாதுல்ல?"

"அப்ப டெஸ்டர் மேலயும் சந்தேகமா?"

"அது மேலதான் முதல்ல."

கோமதிநாயகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன்தான். ஆனால் தன்னை ஒருத்தர் சந்தேகப்படுவது என்ன ருசி என்று அறுபது வயதுவரை அவருக்குத் தெரியாது. 'இந்தப் பிள்ளை என்னைத் தண்டம் என்று நினைக்கிறது. வயசாகிவிட்டது, மறந்துவிடுவார் என்று நினைக்கிறது. இல்லையென்றால் கட்டையை எதற்குப் பிடுங்கிக்கொள்கிறது?' இதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

ஏழாவது மாதம் ஒருநாள் காலை பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டார்.

"தாயி, நீ என்னை நம்புறியா, இல்லையா? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். நம்பலைன்னா நாளையிலருந்து நான் வரல."

"வேலை முடியட்டும் அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி.

அன்றைய வேலை சுப்புத்தாய் வீட்டில். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகம் பிரித்திருந்தார்கள். பதினோரு வருஷமாகிறது. இந்தப் பக்கம் அண்ணன் மனைவி சுப்புத்தாய். அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் அய்யனார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மீட்டர்.

சுப்புத்தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். குரல் மட்டும் ரகசியம். "என் கொழுந்தன் கரண்டு திருடுறான். பில்லு ஏறிக்கிட்டே போகுது. நேத்து அடுப்படியில காரை பேந்து விழுந்துச்சு. பாத்தா, சுவத்துக்குள்ள ஒரு வயர் அவன் வீட்டுப் பக்கமாப் போகுது. என் கண்ணால பாத்தேன்."

"புதுசா ஏதாச்சும் வாங்குனீகளாக்கா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ் வாங்குனேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டிக்கெட் இல்லாத ஒருத்தன்! ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் கேஸ்! சுவருக்கு அந்தப் பக்கம் அய்யனார் இருமிய இருமல்கூட அவருக்குத் திருட்டு இருமலாகக் கேட்டது.

"விடுங்கம்மா, கையும் களவுமாப் பிடிச்சிருவோம்" என்றார்.

மெயினை அணைத்தார். கட்டையைப் பிடுங்கினார். குரு கை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தார். அவள் மேல்முனையில் டெஸ்டரை வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார். கூடத்து லைட்டைப் போட்டார், எரியவில்லை. ஃபேனைப் போட்டார், சுற்றவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தார், உள்ளே இருட்டு.

"எல்லாம் செத்தாச்சு!" என்று சத்தம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

கிரைண்டருக்குப் பின்னால் சுவர் பெயர்ந்திருந்தது. உள்ளே பழைய காலத்து வயர் இரண்டு. மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு தெரிந்தது. சுப்புத்தாய் சொன்னது சத்தியம். வயர் நேராகக் கொழுந்தன் வீட்டுச் சுவருக்குள்தான் போனது.

"வா தாயி, வந்து பாரு! இதுதான் திருட்டு வயர். இப்பவே உருவிக் காட்டுறேன்."

குனிந்து கையை நீட்டினார்.

"டெஸ்டர்" என்றது அடுப்படி வாசல்படியிலிருந்து குருவின் குரல்.

அவர் கை நின்றது. முகம் சிவந்தது. "கட்டை உன் பையில இருக்கு. லைட் எரியல, ஃபேன் ஓடல. இன்னும் என் மேல நம்பிக்கை வரலையாக்கும்? இந்தா பாரு, வெறுங்கையால எடுக்கேன்."

விரல் செம்பைத் தொட ஒரு சாண் இருக்கும். ஸ்குரூ டிரைவரின் மரப்பிடி அவர் மணிக்கட்டில் வந்து விழுந்தது. சரியான அடி. "ஆ!" என்று கையை உதறினார். அறுபது வயதில், சுப்புத்தாய் பார்க்க, அடி! அவமானத்தில் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"நாளைக்கு இல்ல, இப்பவே போறேன்" என்றார்.

"போங்க. போறதுக்கு முன்னால இதை வச்சுப் பாருங்க."

டெஸ்டரை நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கினார். முதல் செம்பில் வைத்து, தலையில் விரலை வைத்தார்.

எரிந்தது.

அவர் விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். பளிச்சென்று எரிந்தது. சுவரைப் பிடிக்கப் போனவர் சுவரிலிருந்தும் கையை எடுத்துக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, கிரைண்டர் சுவிட்சைப் போடுங்க" என்றாள் செண்பகவல்லி.

"கரண்டுதான் இல்லையே?"

"போடுங்க."

சுப்புத்தாய் போட்டாள். லைட் எரியாத, ஃபேன் ஓடாத, ஃப்ரிட்ஜ் இருண்டு கிடந்த அந்த வீட்டில் கிரைண்டர் மட்டும் கடகடவென்று சுற்றியது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். சுப்புத்தாய் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப..." என்றாள். "அவன் கரண்டு என் வீட்டுக்கு வருதா?"

"பாகம் பிரிக்கும்போது இந்த ஒரு வயரை யாரும் பாக்கல போலக்கா."

"பதினோரு வருஷமா இதுலதான் மாவு ஆட்டுறேன். சுட்ட தோசையில ஒண்ணுகூட அந்த வீட்டுக்குப் போனதில்ல." சுவிட்சை அணைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகவல்லி சுவரைத் தட்டி அய்யனாரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கிரைண்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் அண்ணியைப் பார்த்தார்.

"என் பில்லு ஏன் ஏறுதுன்னு ரெண்டு எலக்ட்ரீசியனை வச்சுப் பாத்துட்டேன் மதினி" என்றார். "எதுத்த வீட்டுக்காரன்தான் கொக்கி போட்டுக் கரண்டு எடுக்குறான்னு நாலு வருஷமா அவன்கூடப் பேச்சில்ல."

தன் வீட்டுக்குப் போய், மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து செண்பகவல்லி கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சுப்புத்தாயும் அவர் பின்னாலேயே போனாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கெதற்கு?

கோமதிநாயகம் இன்னும் தரையில்தான் இருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"தாயி."

"சொல்லுங்க."

"கரண்டு அந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"கொஞ்சங்கூடத் தெரியாதா?"

"கொஞ்சங்கூடத் தெரியாது."

அவர் தன் வலதுகையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அடி விழுந்த கைதான். ஆனாலும் இருந்தது. "இங்கருந்து அங்க போகுதுன்னுதான் நினைச்சேன். அங்கருந்து இங்க வரும்னு எனக்குத் தோணவே இல்ல தாயி. அந்தக் கொழுந்தனையே நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு சாண். ஒரே சாண்தான் இருந்துச்சு." டெஸ்டரைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரி மத்தியானச் சோறு கட்டிக் குடுத்திருக்கா."

செண்பகவல்லி அவர் பக்கத்தில் குந்தினாள். தோள்பைக்குள் கைவிட்டுச் சுப்புத்தாய் வீட்டுக் கட்டையை எடுத்தாள். அய்யனார் கொடுத்த கட்டையையும் சேர்த்து இரண்டையும் சீடரின் சட்டைப்பையில் போட்டாள். பை கனத்துத் தொங்கியது.

"ரெண்டும் உங்ககிட்ட இருக்கட்டும். வயரை அறுத்து முடிக்கிறவரை யார் கேட்டாலும் கொடுக்காதீக. அந்தம்மா கேட்டாலும் சரி, அந்தக் கொழுந்தன் கேட்டாலும் சரி. நான் கேட்டாலும், என் கை சுவத்துக்கு வெளிய வந்துருச்சான்னு பாத்துட்டுக் கொடுங்க."

கோமதிநாயகம் சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ஏழு மாதத்தில் ஒருநாள்கூட அவள் இந்தக் கட்டையை அவரிடம் விட்டதில்லை. இன்றைக்கு, அதுவும் இப்படியொரு கூத்து அடித்த பிறகு, அவள் உயிரே அவர் பையில் இருந்தது. காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. மனசு நிறைந்துபோயிற்று. நாளைக்கு வருவதா இல்லையா என்ற பேச்சையே மறந்துவிட்டார்.

செண்பகவல்லி எழுந்தாள். டெஸ்டரை எடுத்துக்கொண்டு மீட்டர் பக்கம் போனாள். மேல்முனையில் வைத்தாள். எரிந்தது. அடுப்படிக்கு வந்து, சுவருக்குள் இருந்த செம்புகளில் ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டும் எரியவில்லை. மறுபடியும் மீட்டர் பக்கம் நடந்தாள்.

கோமதிநாயகம் திடுக்கிட்டு எழுந்து பின்னாலேயே போனார்.

"தாயி, ரெண்டு கட்டையும் என் பையிலதான இருக்கு?"

"ஆமா."

"நான் யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும்."

"பின்ன எதுக்கு இன்னும் டெஸ்டர்?"

அவள் டெஸ்டரை மேல்முனையில் வைத்து, அது எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு உங்களைத் தெரியும் அண்ணாச்சி. கம்பிக்குத் தெரியாதே."