வியாகுலத்தோட பாதிச் செபம்

போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்க. காலு ரெண்டும் உள்ளே இருக்கணும். ஒரே கதைதான், சொல்லிட்டேன். அத்தைக்கு இன்னிக்கு இடுப்பே விட்டுப்போச்சு. நடுவுல நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு சலேத்தம்மா இருந்தா. மலைக்கு மேல பூண்டு விளையற ஊரு. மார்கழி வந்துட்டா காலைல புல்லு மேலெல்லாம் உப்பு தூவின மாதிரி உறைபனி கிடக்கும். மிதிச்சா மொறுக் மொறுக்குனு சத்தம் கேக்கும்.

"ம்."

சலேத்தம்மாவுக்குத் தொண்டை பெருசு. ஊர்ல யார் வீட்டுல செபமாலை சொன்னாலும் அவதான் முன்னால சொல்லுவா. செபமாலைல ஒவ்வொரு மணிக்கும் முதல் பாதியை ஒருத்தர் சொல்லணும், பின் பாதியை மத்தவங்க சொல்லணும். நாம ஞாயித்துக்கிழமை சொல்றோமே, அப்படித்தான். இவ "அருள் நிறைந்த மரியாயே"னு எடுத்தா மேட்டுத் தெரு வரைக்கும் கேக்கும். வீட்டுல அவ எடுப்பா, அவ வீட்டுக்காரர் வியாகுலம் பின் பாதியைச் சொல்லுவாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு சாயங்காலம்கூட விட்டதில்ல.

அப்புறம் என்னாச்சுன்னா, ஐப்பசில, இல்ல இரு, கார்த்திகைல, பூண்டுக் காட்டுல நின்னுட்டு இருந்த வியாகுலம் தொபுக்கடீர்னு விழுந்துட்டாரு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு. வாய் கோணிக்கிச்சு. பேச்சு நின்னுபோச்சு.

"செத்துட்டாரா?"

சாகலடா. கேளு. பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு, "அம்மா, இவரைப் பேச வைக்கணும். இப்பவே முயற்சி பண்ணினா வரும். நாளாக நாளாகக் கஷ்டம்."

சலேத்தம்மா அன்னிக்கே வேண்டிக்கிட்டா. "மாதாவே, கிறிஸ்மஸுக்குள்ள இந்த மனுஷன் வாயில ஒரு வார்த்தை வரணும். தினமும் மூணு செபமாலை சொல்றேன்." வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்துலயே முட்டி போட்டா. முதல் பாதியை அவளே சொன்னா. அவரால முடியாதேன்னு பின் பாதியையும் அவளே சொன்னா. நடுவுல மூச்சுகூட விடறதில்ல. கடகடகடன்னு மழை தகரத்துல விழற மாதிரி.

"ம்."

செபம் மட்டுமில்ல. பக்கத்து வீட்டு ஞானப்பூ வந்து, "அண்ணே, கஞ்சி குடிச்சீங்களா?"ம்பா. "குடிச்சாரு குடிச்சாரு"னு இவ சொல்லுவா. ஆஸ்பத்திரி சிஸ்டர் வந்து, "ஐயா, உங்க பேர் என்ன? மெதுவாச் சொல்லுங்க"ம்பாங்க. அவர் உதட்டைக் குவிக்கறதுக்குள்ள, "வியாகுலம், சிஸ்டர்!"னு இவ முந்திக்குவா. பாவம், கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. அவர் திணறுறதைப் பாத்துட்டு இருக்க அவளால முடியல.

அப்போ குளிரு இறுக்குச்சு. வேலையும் அவளே, விறகும் அவளே, அவரைத் தூக்கி உக்கார வைக்கிறதும் அவளே. ஒரு நாள் காலைல "ஞானப்பூ"னு கூப்பிட வாயைத் திறந்தா, "கீச்... கீச்"சுனு வருது. தொண்டை போச்சு.

"கோழி மாதிரியா?"

கோழிக்குஞ்சு மாதிரி. சிஸ்டர் வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "புண்ணாகிக் கிடக்கு. மூணு நாள் வாயே திறக்கக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது"ன்னுட்டாங்க. ஞானப்பூ சிரிச்சா. "மூணு நாளா? மதினி, உன் ஆட்டுக்குட்டிகூட நிம்மதியாத் தூங்கும்."

சலேத்தம்மா சிரிக்கல. கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரம்தான். சத்தமா சொன்னதுக்கே மாதா காதுல விழல, சத்தமே இல்லன்னா எப்படி விழும்னு அவளுக்கு பயம்.

முத நாள் சாயங்காலம் கணப்பு மூட்டி, மணியைக் கையில எடுத்துட்டு உக்காந்தா. மனசுக்குள்ள சொல்லிப் பாத்தா. வாயில சத்தம் இல்லன்னா மனசு நிக்குமா? விதைப்பூண்டை எலி தின்னுச்சோ, கதவைத் தாழ் போட்டோமோ, கோழி அடைஞ்சுதோன்னு வீட்டைச் சுத்திச் சுத்தி ஓடுது. எந்த மணில இருக்கோம்னே தெரியல. எழுந்து போயிட்டா.

ரெண்டாம் நாள் உக்காந்தா. மனசு ஓடல. ஏன்னா தூங்கிட்டா. தலை பொத்துனு சாஞ்சுது, மணி சளசளன்னு கீழே விழுந்துச்சு.

"ம்..."

மூணாம் நாள் அவளுக்கு முடியல. உடம்பு முழுக்க ஈயம் ஊத்தின மாதிரி கனக்குது. "ஆண்டவரே, நான் ஓஞ்சுட்டேன். கேக்கறதுக்கும் தெம்பில்ல. உம்ம முன்னால சும்மா உக்காந்துட்டுப் போறேன்"னு மனசுக்குள்ள சொன்னா. சொல்லிட்டு சும்மா இருந்தா.

சும்மா இருக்க இருக்க ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சுது. கணப்புல விறகு பட்... பட்... வெளியே தகரத்துல இருந்து பனி சொட்... சொட்... ஆட்டுக்குட்டி அசை போடறது கறுக் முறுக். அதுக்கும் பின்னால கட்டில்ல அவர் மூச்சு. உள்ளே, வெளியே. இத்தனை நாள் பக்கத்துலயே இருந்தும் அந்த மூச்சை இப்பத்தான் கேக்கறா. யாரோ கூட உக்காந்திருக்கிற மாதிரி வீடே அமைதியா இருந்துச்சு.

அப்புறம் ஒரு மணியைத் தள்ளினா. டிக். உதடு மட்டும் அசைய முதல் பாதியைச் சொன்னா. பின் பாதிக்குத் தெம்பில்ல. உதடு நின்னுபோச்சு.

"ம்ம்ம்..."

ஆட்டுக்குட்டின்னு நினைச்சா. அடுத்த மணி, டிக். முதல் பாதி. நிறுத்தினா.

"ம்ம... மரி... யா..."

ஆடு இல்ல!

"வியாகுலம் தாத்தாவா?"

அவரேதான். கணப்பு வெளிச்சத்துல பக்கவாட்டுல தெரிஞ்ச அவ உதட்டையே பாத்துட்டு இருந்திருக்காரு. உதடு நின்னதும் "புனித மரியாயே"னு தொடங்கற தன் பாதியை எடுத்திருக்காரு. இத்தனை நாளும் எடுத்துட்டுத்தான் இருந்தாரு போல. இவ போட்ட சத்தத்துல அதுக்கு இடம் எங்கே இருந்துச்சு?

சலேத்தம்மா திரும்பல. திரும்பினா நின்னுடுமோன்னு பயம். "மரியா..."னு வந்துட்டு அவருக்கு இழுக்குது, அடுத்த வார்த்தை வரல, திணறுறாரு. இவளுக்கு அதை எடுத்துக் கொடுக்க வாய் துடிக்குது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி மாலை மாலையா ஓடுது. காத்திருந்தா. ஒரு விறகு எரிஞ்சு சாம்பலாச்சு, அந்த ஒரே ஒரு பின் பாதி முடியறதுக்குள்ள. பாதி வார்த்தை வந்துச்சு, பாதி வெறும் காத்து. ஆனா கடைசில, "ஆ... மென்".

அவளும் தலையை ஆட்டினா. அடுத்த மணி. டிக்.

அன்னிக்கு மொத்தம் ஏழு மணிதான் ஆச்சு. மாலைல இருக்கிற அம்பத்து மூணுல ஏழு. அதுக்கே ரெண்டு பேரும் அசந்துட்டாங்க.

அப்புறம் தொண்டை சரியாச்சு. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஞானப்பூ செபத்துக்கு வந்து உக்காந்தா. சலேத்தம்மா முதல் பாதியைச் சின்னக் குரல்ல சொல்லிட்டு நிறுத்தினா. ஞானப்பூவுக்கு இருப்புக் கொள்ளல. "என்ன மதினி, பாதியில நின்னுட்ட? மறந்துபோச்சா? நான் சொல்லட்டா?"

"சும்மா இரு. மீதி அவரோடது."

காத்திருந்தாங்க.

...

பேச்சு முழுசா வந்துச்சான்னு கேப்பே. வரல. பாதிதான் வந்துச்சு, அதுவும் பங்குனி ஆயிடுச்சு. ஆனா அந்த வீட்டுல யாரும் அவசரப்படல.

என்ன, "ம்" காணோம்?

சரி. நான் காத்திருக்கேன்.

...

கணப்பும் அணைஞ்சுது, கதையும் அடங்குச்சு. ஆண்டவரே, இவனைப் பாத்துக்கும். தூங்குடா தங்கம்.