சிவப்பு வில்லை

செவ்வேள் அடிகளுக்கு ஒருநாள் பனி பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஞானிக்குப் பனி எதற்கு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். இமயத்துப் பனி என்றால் மடத்தில் யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். அடிகள் கேட்டதோ தென்துருவத்துப் பனி. பினாங்கிலிருந்த ஓர் அன்பர் ஒரு சின்னக் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். ஒன்று அடிகளுக்கு, மற்றது வைரவருக்கு.

வைரவர் இல்லாமல் அடிகள் எங்கும் போவதில்லை. சரியாகச் சொன்னால், வைரவர் விடுவதில்லை. காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அவர். மனைவி போன பிறகு கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, திருமயத்துப் பக்கம் இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். அடிகளைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். ஆனாலும் அடிகள் எழுந்தால் செருப்பை எடுத்து வைப்பார், உட்கார்ந்தால் விரிப்பைத் தட்டிப் போடுவார். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் வந்து நிற்கும். எனக்கும் இரண்டு கை இருக்கிறதே என்று அடிகள் எத்தனையோ முறை சிரித்துச் சொல்லிப் பார்த்தார். வைரவர் காதில் அது ஏறவில்லை.

இந்த மனிதருக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற ஜாதி. அவரைக் கொண்டுபோய் உலகத்தின் அடியில், பனிக்கட்டிகளுக்கு நடுவே மிதக்கவிட்டால் என்ன ஆகும்?

கப்பலில் ஒரு குறையும் இல்லை. கால் வைத்தால் தரை இளஞ்சூடாக இருந்தது. படிக்க ஒரு அறை, வெந்நீர்த் தொட்டி, எப்போது போனாலும் ஆவி பறக்கும் சூப். நூறு பேர்கூட இல்லாத கப்பலில் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்கள். வைரவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பனிக்கட்டி கப்பலை உரசும் சத்தம் கேட்டால் லைஃப் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அடிகளின் சூப்பை ஊதி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

“சாமி, இத்தனை வருஷமா உங்க பக்கத்துலயே கிடக்கேன். எனக்கு மட்டும் ஏன் இந்தப் பயம் போகமாட்டேங்குது?”

அடிகள் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

“உங்க சூப்பு ஆறிப்போச்சு வைரவரே.”

உண்மைதான், வைரவரின் கிண்ணத்தில் ஆடை கட்டிப் போயிருந்தது. கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று வைரவருக்கு வருத்தமாகப் போய்விட்டது.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் பயணிக்கு ஒன்றாக வட்ட வில்லைகள் தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. ரப்பர் படகில் கரைக்குப் போகிறவர் தன் வில்லையைச் சிவப்பாகத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் வெள்ளையாக்க வேண்டும். பலகை முழுக்க வெள்ளையானால்தான் கப்பல் நகரும். அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும் என்று வழிகாட்டிகளின் தலைவி இங்கிரிட் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

வைரவர் இதைக் கேட்டு நன்றாகத் தலையாட்டினார். ஆனால் குருவின் கை ஒரு ஆணிப்பலகைக்கு நீள்வதா? போகும்போதும் வரும்போதும் முந்திக்கொண்டு அடிகளின் வில்லையைத் தானே திருப்பிவிடுவார்.

அன்று அவர்கள் இறங்கியது கருங்கூழாங்கல் நிறைந்த ஒரு சிறு விரிகுடா. கரையெல்லாம் பென்குயின்கள். நடக்கும் பாதையின் ஓரமாகக் கொடி நட்டிருந்தார்கள். கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் ஆளுயரப் பாறை ஒன்று இருந்தது. அடிகள் அதன் மறைவில் உட்கார்ந்துகொண்டு, சற்று நேரம் தனியாக இருக்கிறேன் என்றார். வைரவர் மனமில்லாமல் நகர்ந்தார்.

திடீரென்று காற்று மாறியது. பனிக்கட்டிகள் விரிகுடாவுக்குள் வர ஆரம்பித்தன. எல்லோரும் படகுக்கு வாருங்கள் என்று வழிகாட்டிகள் கத்தியது காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. கப்பலில் கொடுத்த நீலக் கோட்டைத்தான் அத்தனை பேரும் போட்டிருந்தார்கள், தலையை மூடிவிட்டால் யார் எவர் என்றே தெரியாது. முன்னால் போன படகில் அடிகளின் உயரத்தில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருப்பதை வைரவர் பார்த்தார். அப்பாடா, சாமி முன்னாலேயே ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படகில் ஏறினார்.

கப்பலுக்குள் கால் வைத்ததும் முதல் வேலையாக அடிகளின் வில்லையைப் பார்த்தார். இன்னும் சிவப்பு. மறந்துவிட்டாரே என்று தானே வெள்ளையாக்கினார். சாமி குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பாரே, சுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் தன் வில்லையை மறந்துவிட்டு அடுக்களைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அவர் பெயரைக் கூப்பிட்டது. பலகையில் ஒரே ஒரு வில்லைதான் சிவப்பாக இருந்ததாம், அது அவருடையது. ஓடிப் போய் நின்றார். கரையில் விட்டுவிட்டோமோ என்று பயந்துபோனோம் என்று இங்கிரிட் செல்லமாகக் கடிந்துகொண்டாள். வைரவர் அசடு வழிய வில்லையைத் திருப்பினார். பலகை முழுக்க வெள்ளை. கரையில் கடைசியாக நின்ற வழிகாட்டிகளும் வந்துவிட்டார்கள். கப்பல் கிளம்பியது.

சுக்குத் தண்ணீரோடு கேபினுக்குப் போனார். அடிகள் இல்லை. படிக்கும் அறைக்குப் போனார். அங்கே அந்த உயரமான நீலக் கோட்டு உட்கார்ந்திருந்தது. தலைமூடியைத் தள்ளினால், யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா!

சாமி படகில் ஏறவே இல்லை என்று வைரவருக்குப் புரிந்துவிட்டது.

இனி மேலே கேப்டனிடம் ஓட வேண்டியதுதானே? அவர் ஓடவில்லை. சாப்பாட்டு அறையைப் பார்த்தார். வெந்நீர்த் தொட்டியைப் பார்த்தார். பிறகு கேபினுக்கே போய்க் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். அடிகள் அங்கே இருக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். பலகை வெள்ளையாக இருக்கிறதே, யார் திருப்பினார்கள் என்று கேட்பார்களே என்ற பயம் அவர் காலைப் பிடித்து இழுத்தது. ஜன்னலில் அந்த விரிகுடா சிறுத்துக்கொண்டே போனது. இப்படியும் ஒரு மனுஷனா என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது. கையிலிருந்த சுக்குத் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார்.

கேப்டனும் இங்கிரிட்டும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என் குரு கரையில் இருக்கிறார். அவர் வில்லையைத் திருப்பியது நான்தான்.”

யாரும் அவரைத் திட்டவில்லை. கப்பல் திரும்பியது, அவ்வளவுதான். அடிகள் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று இங்கிரிட் கேட்டாள். கடைசிக் கொடிப் பக்கம் என்றால் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்களே. நானும் வருகிறேன், அந்தப் பாறை எனக்குத் தெரியும் என்றார் வைரவர். இங்கிரிட் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பலகையில் அடிகளின் வில்லையைத் தானே சிவப்பாக்கி, வைரவரை அவருடையதைத் திருப்பச் சொல்லிவிட்டு, அவரைப் படகில் ஏற்றினாள்.

படகு பனிக்கட்டிகளைத் தள்ளித் தள்ளிப் போனது. அலை முகத்தில் அடித்தது. வைரவர் லைஃப் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்க்க மறந்துபோனார். கண் அந்தப் பாறையைத் தேடிக்கொண்டிருந்தது.

அடிகள் பாறையை விட்டு வந்து தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் கிட்டிப் பேச முடியவில்லை. தாங்கிப் பிடித்துத்தான் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. வைரவர் அவர் கைகளைத் தன் கோட்டுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே, சின்னப் பிள்ளைபோல அழுதார். நடந்ததையெல்லாம் சொன்னார். கட்டிலுக்கு அடியில் தேடியதையும் மறைக்கவில்லை.

அடிகள் கேட்டுக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

“யாருடைய வில்லை சிவப்பா இருந்துச்சு?”

“என்னோடதுதான் சாமி. உங்களோடதைத் திருப்புற அவசரத்துல என்னோடதை மறந்துட்டேன்.”

வைரவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கப்பல் போறதைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பயமா இருந்துச்சா சாமி?”

“ரொம்ப.”

வைரவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிகளின் முகத்தைப் பார்த்தார். பயந்த மனிதரின் முகம்தான் அது, கண்ணோரம் இன்னும் ஈரம் இருந்தது. அந்தக் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துத் தேய்த்தார்.

கப்பலில் கம்பளியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். யாரோ சூப் கொண்டுவந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பலகை. வெள்ளை வில்லைகளுக்கு நடுவே இரண்டே இரண்டு சிவப்பு.

வைரவரின் கை பழக்கத்தில் அடிகளின் வில்லைக்குப் போனது.

விறைத்த விரல்களால் அடிகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முதல்ல உங்களோடதைத் திருப்புங்க வைரவரே. நான் நிக்கிறேன்.”